ராமானுஜன் பரிசு நமக்கு உணர்த்துவது



1988-ஆம் ஆண்டில் நமது சவ்வாது மலையின் காவலூர் வானாய்வு நிலையத்தில் சிறுகோள் ஒன்று கண்டறியப்பட்டது. அதற்கு ராமானுஜன் எனப் பெயர் சூட்டப்பெற்றது. அக்கணித மேதையின் பெயரால் கும்பகோணத்தில் ஆண்டுதோறும் வழங்கப்பெறும் பரிசினைப் பற்றி இன்று சில சொல்ல விழைகிறோம்.

தஞ்சைச் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் 2005-இல் தொடங்கிய அப்பரிசின் தொகை 10,000 அமெரிக்க டாலர். எந்நாட்டவரும் பெறலாம், வயது மட்டும் 32-ஐத் தாண்டலாகாது. ராமானுஜன் வாழ்ந்ததே 32 ஆண்டுகள்தாம்! முதலாண்டில் பெற்ற இருவருள் ஒருவரான கண்ணன் சௌந்தரராஜன் சென்னையில் வளர்ந்தவர். 2017-இல் பெற்றவர் உக்ரேன் நாட்டுப் பெண்மணி மரினா வியாசோவ்ஸ்கா. உருண்டைகளை மிக நெருக்கமாக அடுக்குவது எவ்வாறு என்பது சந்தையில் பழம் அடுக்குவோரும் அறிந்த வினா. அதனை எட்டுப் பரிமாணங்களில் தீர்த்த அவர், 2022-இல் ஃபீல்ட்ஸ் பதக்கமும் பெற்றார்.

இத்தகையோரைப் பெருமைப்படுத்தும் பெயருக்குரியவரோ, கல்லூரித் தேர்வில் தவறியவர்! கணிதம் ஒழிந்த பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தரானார். 1913-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். பட்டமில்லாத அவருக்கு அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது.

ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். ராமானுஜன் வறியவர், ஆயினும் அவருக்குப் பள்ளிக் கதவு திறந்திருந்தது. நம் முன்னோரில் மிகப் பலருக்கு அது மூடியே இருந்தது. அவர்களுள் எத்தனை மேதைகள் மண் சுமந்தே மறைந்தனரோ, யாரறிவார்?

இன்று கதவு திறந்துள்ளது. உள்ளே வந்த பிள்ளையை நாமே வெளியே விடலாமா? எங்கள் பணிக்காலத்தில் ஒரு மாணவன் கணக்கில் முதல்வனாக விளங்கினான், ஆங்கிலத்தில் தவறினான். துணைத்தேர்வுக்கு அவனை அழைத்து வந்து படிக்க வைத்தோமில்லை. அவன் செங்கற்சூளைக்குப் போனான். அப்பிழை எங்களுடையதே.

ஆகவே சங்கத்தாருக்கு இரு விண்ணப்பங்கள். ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22-இல் ஆண்டுதோறும் கணிதத்தில் சிறந்த மாணவ மாணவியர்க்குப் பரிசு வழங்குங்கள். தவறியவர்க்கு மாலை வகுப்பு நடத்துங்கள். இளைஞர்களே, அவ்வகுப்பில் கற்பிக்க முன்வாருங்கள். முதல் மாலை எங்களுடையதாகட்டும்.