பழைய டிரெட்மில்லுக்கு ஒரு ரசீது

பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானோர் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் வெறுங்காலில் நடக்கிற ஊர் திருவண்ணாமலை. அங்கேயும் டிரெட்மில் விற்பனை உண்டு. நின்ற இடத்திலேயே நடக்கலாம், அவ்வளவுதான்!

உடற்பயிற்சி சொல்லித்தருகிறவர், தான் பயன்படுத்திய கருவியைத் தன்னிடம் பயில்பவருக்கே விற்பதுண்டு. "நம்ம மாஸ்டர்தானே" என்று பணம் கைமாறும், காகிதம் கைமாறாது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி வாய்ப்பேச்சில் நடந்த விற்பனையும் செல்லும். ஆனால் தகராறு வந்தால் எதைக் காட்டுவது?

ஒரு வெள்ளைத்தாள் போதும். இருவர் பெயர், முகவரி, தேதி, தொகை, கருவியின் மாடல், அதில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர். பெல்ட் ஓரம் பிய்ந்திருந்தால், 'பெல்ட் ஓரம் பிய்ந்திருக்கிறது' என்றே எழுதிவிடுங்கள். கருவியை ஓடவிட்டு செல்போனில் வீடியோவும் எடுத்துக்கொள்ளலாம். தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் விற்றவர் கையெழுத்துப் போட வேண்டும்.

முதலில் வாங்கிய கடை பில்லைக் கேளுங்கள். தவணை பாக்கி உண்டா என்றும் கேளுங்கள். தனக்குச் சொந்தமில்லாததை ஒருவர் விற்றால், காசு கொடுத்தவருக்கும் அது பொதுவாகச் சொந்தமாகாது.

'உள்ளது உள்ளபடி, வாரண்டி இல்லை' என்று ஒரு வரி எழுதிக்கொள்வது விற்பவருக்கு நல்லது. ஆனால் மோட்டார் பழுதைத் தெரிந்தே மறைத்திருந்தால், அந்த வரியை நம்பி அவர் தப்பிக்க முடியாது.