பூட்டும் ஒப்பந்தமும்



அரசாங்க வழக்கறிஞர் என்றதும் நம் மனக்கண்ணில் நீதிமன்றம்தான் தோன்றும். கறுப்பு அங்கி, நீதிபதி, சாட்சிக் கூண்டு இவையெல்லாம் நினைவுக்கு வரும். ஆனால், நீதிமன்றப் படி ஏறாமலேயே ஆண்டு முழுவதும் பணிபுரியும் அரசாங்க வழக்கறிஞர்களும் உண்டு. அவர்களுள் ஒரு சாரார், அரசாங்கம் தன் கணினிகளின் பாதுகாப்புக்காகச் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களை எழுதியும் சரிபார்த்தும் கொடுக்கிறார்கள். அவர்களுடைய வேலையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

"அதற்கும் தோட்டத்தில் வாழும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. உங்கள் அடையாள அட்டை எண், பிள்ளையின் பிறப்புப் பதிவு, மருத்துவமனைக் குறிப்பு, சேமநிதிக் கணக்கு ஆகிய யாவும் இன்று கணினிகளில் இருக்கின்றன. முன்பு இவை பேரேடுகளில் எழுதப்பட்டு, இரும்பு அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டன. அலமாரியை உடைக்கத் திருடன் நேரில் வர வேண்டும். கணினியைத் திறக்கவோ, அவன் வேறொரு நாட்டில் உட்கார்ந்திருந்தாலே போதும். இந்தப் புதிய பூட்டுகளையெல்லாம் அரசாங்கமே செய்துகொள்வதில்லை. பெரும்பாலும் நிறுவனங்களிடமிருந்து விலைக்கு வாங்குகிறது. காவலுக்கும் நிறுவனங்களையே அமர்த்துகிறது. அங்கேதான் ஒப்பந்தம் வருகிறது.

ஒப்பந்தம் என்பது உங்களுக்குப் புதிதல்ல. தோட்டத்தில் களை ஒழிக்கும் வேலையைக் குத்தகைக்கு விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "களையை நன்றாக ஒழிக்க வேண்டும்" என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும்? ஒரு முறை மருந்தடித்துவிட்டு, வேலை முடிந்தது என்பார் குத்தகையாளர். புல் மறுபடியும் முளைத்தால் அவரைக் கேட்க வழியில்லை. ஆகவே எத்தனை ஏக்கர், ஆண்டில் எத்தனை முறை, எந்த மருந்து, அது யார் செலவு, சரியாகச் செய்யாவிட்டால் எவ்வளவு பிடித்தம் என்றெல்லாம் எழுத வேண்டியிருக்கிறது. கணினிப் பாதுகாப்பும் அப்படித்தான். "நல்ல பாதுகாப்புத் தர வேண்டும்" என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு யாரையும் கேள்வி கேட்க முடியாது.

அந்த வழக்கறிஞர் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். மக்களின் விவரங்கள் எந்த நாட்டில், எந்தக் கணினியில் வைக்கப்படும்? அவற்றைப் பார்க்க யார் யாருக்கு அனுமதி உண்டு? இந்த நிறுவனம் வேலையை வேறொருவருக்கு உள்குத்தகை விடலாமா? மென்பொருளில் ஓட்டை தெரிந்தால் எத்தனை நாளில் அடைக்க வேண்டும்? அரசாங்க அதிகாரிகள் நேரில் சென்று சோதிக்கலாமா? ஒப்பந்தம் முடிந்த பிறகு விவரங்களைத் திருப்பித் தந்து, தன்னிடமுள்ள படிகளை நிறுவனம் அழித்துவிடுமா? இவற்றுக்கெல்லாம் கையெழுத்திடுவதற்கு முன்பே பதில் வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு கேட்டால், ஒவ்வொன்றுக்கும் தனி விலை சொல்வார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. திருட்டு நடந்தால் எத்தனை மணி நேரத்தில் சொல்ல வேண்டும்?

இதன் அருமையைச் சிங்கப்பூரில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டும். 2018ஆம் ஆண்டில் சிங்ஹெல்த் என்னும் பொது மருத்துவமனைக் குழுமத்தின் கணினிகளிலிருந்து திருடர்கள் விவரங்களைக் களவாடினார்கள். சுமார் 15 லட்சம் நோயாளிகளின் பெயர், முகவரி, அடையாள எண் முதலியவை களவு போயின. ஏறத்தாழ 1 லட்சத்து 60 ஆயிரம் பேரின் மருந்து விவரங்களும் போயின. அவர்களுள் அப்போதைய பிரதமரும் ஒருவர். அந்தக் கணினிகளைப் பராமரித்தது வேறொரு நிறுவனம். அதன் ஊழியர்கள் ஜூலை 4ஆம் நாளே சந்தேகத்துக்குரிய நடமாட்டத்தைக் கண்டு தடுத்தார்கள். ஆனால், சுகாதார அமைச்சுக்கும் இணையப் பாதுகாப்பு அமைப்புக்கும் தகவல் போனது ஜூலை 10ஆம் நாள்தான். மறு ஆண்டில் பராமரிப்பு நிறுவனத்துக்கு 7 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளியும், மருத்துவமனைக் குழுமத்துக்கு 2 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டன. வேலையைப் பிறரிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு நம்மை விட்டுப் போய்விடாது என்பதே இதன் பாடம்.

நம் நாட்டில் 2024ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம், அவ்வாண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் நடப்புக்கு வந்தது. நாட்டுக்கு இன்றியமையாதவை என 11 துறைகளை அது வகுத்திருக்கிறது. மருத்துவம், தண்ணீர், மின்சாரம் போன்றவற்றோடு, விவசாயமும் தோட்டத் துறையும் அவற்றுள் அடங்கும். இத்துறைகளில் பொறுப்பேற்றுள்ள அமைப்புகள், தாக்குதல் நடந்தது தெரிந்ததும் உடனே அறிவிக்க வேண்டும். 6 மணி நேரத்துக்குள் முதல் விவரங்களையும், 14 நாட்களுக்குள் கூடுதல் விவரங்களையும் தர வேண்டும். தவறினால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, 10 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இப்போது வழக்கறிஞரின் வேலை உங்களுக்கு விளங்கும். சட்டம் 6 மணி நேரம் என்கிறது. ஆனால், கணினியைக் கவனிக்கும் நிறுவனம் பத்தாம் நாள்தான் வாய் திறந்தால் என்ன செய்வது? ஆகவே, "நீங்கள் 2 மணி நேரத்தில் எங்களுக்குச் சொல்ல வேண்டும்" என்பது போன்ற ஒரு விதியை ஒப்பந்தத்தில் எழுதிவைக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் பொருந்தாது. ஆகவே, அரசாங்கத்திடம் உள்ள நம் விவரங்களைச் சுற்றி ஒப்பந்தம் போடும் வேலி மேலும் முக்கியமாகிறது.

ஒப்பந்தம் திருடனைத் தடுக்குமா? தடுக்காது. அதைச் செய்ய வேண்டியவர் கணினி வல்லுநர். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவரும் வழக்கறிஞர் அல்லர். 1949ஆம் ஆண்டின் அரசாங்க ஒப்பந்தச் சட்டப்படி, அமைச்சரோ அதிகாரம் பெற்ற அதிகாரியோதான் கையெழுத்திடலாம். ஆனால், வல்லுநர் சொல்வதை நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய சொற்களாக மாற்றுவது வழக்கறிஞரின் பேனா. வெள்ளம் வருமுன் அணை போடும் வேலை அது. வேலை சரியாக நடந்தால் செய்தித்தாளில் எந்தச் செய்தியும் வராது.

பெற்றோர்களே, இந்த வேலைக்கு நம் பிள்ளைகள் போக முடியாதா? முடியும். சட்டப் படிப்பை முடித்தவர்கள் அரசாங்கச் சட்டச் சேவையில் சேரலாம். அமைச்சுகளின் சட்ட ஆலோசகராகவும் பணியாற்றலாம். இதற்குத் தேசிய மொழியும் ஆங்கிலமும் பிழையறத் தெரிய வேண்டும். கணினியைக் கண்டு அஞ்சாத மனமும், ஒரு சொல்லை இரண்டு முறை படிக்கும் பொறுமையும் வேண்டும். அந்தப் பொறுமையை இன்றே பழக்கலாம். வீட்டுக்கு வரும் கடிதத்தையும், தவணைக் கடன் பத்திரத்தையும் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். "இதில் நமக்கு என்ன கடமை? அவர்களுக்கு என்ன கடமை?" என்று கேளுங்கள்.

இந்தியத் தொழிலாளர்களை ஒப்பந்தக் கூலிகளாக மலாயாவுக்குக் கொண்டுவரும் முறை 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் நம்மவர் பலர், படிக்கத் தெரியாத தாளில் கைநாட்டு வைத்துவிட்டுக் கப்பலேறினார்கள். அந்தத் தாளை எழுதியவர் வேறு. அதன் சுமையைச் சுமந்தவர் வேறு. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று நாட்டு மக்கள் அனைவரையும் காக்கும் ஒப்பந்தங்களை எழுதும் இடத்தில் அமரலாம். அதற்கான வழி, நம் தோட்டப் பள்ளியின் முதல் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது.