கலஹா வீதியின் மேல்முனை



பேராதனை வளாகத்தின் நடுவே ஓடும் கலஹா வீதி உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதே வீதி மேலேறிக் கலஹா, தெல்தோட்டை என்று தேயிலை மலைக்குள் போகிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வணிகத்துக்காகத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரை அந்தப் பக்கம்தான். வீதியின் கீழ்முனையில் 1962இல் மருத்துவ பீடம் வந்தது. மேல்முனையில் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே தோட்டத் தொழிலாளர் வாழும் லயன்கள் இருக்கின்றன. உயர் இரத்த அழுத்தம் பற்றிய இந்தக் கருத்தரங்கில் இவ்விரு முனைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

140/90 என்ற எல்லை சரியா, 130/80 ஆக இறக்க வேண்டுமா என்ற விவாதம் பிற்பகல் அமர்வில் சூடாக நடக்கும். நடக்கட்டும். என் கவலை வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. நல்ல மருந்து கிடையாதா என்றால், உண்டு. விலையும் அதிகமில்லை. அதை எப்படிக் கொடுக்கலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. டெல்மிசார்ட்டன், அம்லோடிபின், குளோர்தலிடோன் மூன்றையும் குறைந்த அளவில் ஒரே குளிசையாக்கி, இலங்கையின் 11 ஆஸ்பத்திரி கிளினிக்குகளில் 700 பேரிடம் சோதித்தார்கள். 2018இல் முடிவு வெளியானது. ஆறு மாதத்தில் அந்தக் குளிசை எடுத்தவர்களில் 70 சதவீதத்தினர் இலக்கை எட்டினார்கள். வழமையான சிகிச்சையில் 55 சதவீதம். உலகம் வியந்து படித்த ஆய்வு. ஆனால் அந்த 700 பேரும் கிளினிக் வாசலுக்கு வந்தவர்கள். வராதவரை எந்த ஆய்வு எண்ணும்?

வராததற்கு அறியாமைதான் காரணம் என்று நாம் எழுதிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிரஷர் உள்ளவருக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கிளினிக் மருந்து இலவசம். ஆனால் அதை வாங்கப் போகும் நாளில் தோட்டத்தில் பெயர் விழாது. அன்றைய சம்பளம் போய்விடும், பஸ் காசு தனி. உடம்பில் ஒரு வருத்தமும் தெரியாத, கொழுந்து பறிக்கும் பெண் மாதாமாதம் ஒரு நாள் கூலியை ஏன் விடவேண்டும்? கணக்குப் பார்க்கத் தெரிந்தவள் அவள். பக்கவாதம் வரும்வரை அந்தக் கணக்கு சரியாகத்தான் தோன்றும்.

இன்னொன்றும் உண்டு. சிறுநீரை அதிகம் போக்கும் குளிசையைக் காலையில் எடு என்று எழுதிக் கொடுக்கிறோம். காலையில் மலைக்கு ஏறினால் பல தோட்டங்களில் கழிப்பறை கிடையாது. கங்காணியிடம் சொல்லிவிட்டு எத்தனை தடவைதான் மறைவிடம் தேடிப் போவாள்? வேலை நாளில் அந்தக் குளிசை டப்பாவிலேயே இருக்கும். நாம் கிளினிக் கொப்பியில் ‘மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை’ என்று குறித்துவிட்டு, இன்னொரு மருந்தைச் சேர்ப்போம். எனக்குத் தெரிந்தவரை இதைவிடப் பெரிய மருத்துவத் தவறு இந்தத் துறையில் குறைவு. எந்த மருந்து, எந்த நேரத்தில் என்று தீர்மானிக்கும் முன் அவள் எங்கே வேலை செய்கிறாள் என்று கேட்க ஒரு நிமிடம் போதும். பாடநூல் அந்த நிமிடத்தைச் சொல்லித் தருவதில்லை.

நமது துண்டுப்பிரசுரங்களையும் பாருங்கள். நாளும் முப்பது நிமிடம் நடக்கவேண்டுமாம். கூடையோடு நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்குபவரிடம் இதைக் கொடுத்தால் சிரிப்பார், சிரிப்பதும் நியாயம். அவருக்குச் சொல்லவேண்டியது உப்பைப் பற்றி. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கருவாடும் ஊறுகாயும் உப்புச் சம்பலும்தான் ரொட்டிக்குத் துணை என்னும் வீட்டில் அந்த அளவு எங்கே நிற்கும்? கருவாட்டைக் கொதிநீரில் ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிடச் சொல்லலாம். கருவாட்டையே விடச் சொன்னால் விடமாட்டார்கள்; மீனும் மரக்கறியும் வாங்கக் காசு வேண்டுமே. வெற்றிலையோடு போடும் புகையிலையைப் பற்றியும் பேசவேண்டும்.  

2011 முதல் நாட்டில் இரத்த அழுத்தத்தையும் பரிசோதிக்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் இயங்குகின்றன. நல்ல ஏற்பாடு, ஆனால் அங்கே வருவோரில் ஆண்கள் குறைவு. ஆண்கள் கூடும் இடத்துக்கு நாம் போகவேண்டும். தோட்டத்தில் அது, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களம். அங்கே ஒரு மேசையும் அளவுக் கருவியும் போதும். ஒரு நிபந்தனை: மேடேறி வந்தவரை ஐந்து நிமிடம் உட்காரவைத்து, வாயில் புகையிலை இல்லை, தேத்தண்ணி அப்போதுதான் குடிக்கவில்லை என்று பார்த்த பிறகே கையில் பட்டியைச் சுற்றவேண்டும். அவசரத்தில் எடுத்த அளவு இல்லாத நோயைக் காட்டும்.

மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோவது நடக்காத காரியம் என்பார்கள். தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்ட் 5ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் உரிய மருந்தை வீட்டு வாசலில் கொடுக்கிறது. நாமும் 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்தைத் தபாலில் அனுப்பினோம். ஆனால் பல தோட்டங்களில் லயன் அறைக்குத் தனி முகவரி கிடையாது. தபால் தோட்ட அலுவலகம் வரைதான் போகும். ஆகவே தபால்காரரை நம்பி இருக்கமுடியாது. தோட்ட மருந்தகமும் மிட்வைப் மிஸ்மாரும் இதற்குள் வரவேண்டும். அவர்களுடைய வேலைப்பளுவையும் சம்பளத்தையும் அதற்கேற்பத் திருத்தவேண்டும். கட்டுக்குள் வந்தவருக்கு ஒரு தடவையில் மூன்று மாத மருந்து கொடுக்கலாம். 2022இல் மருந்தின்றிப் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் வழமையான சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டதைக் கண்டவர்கள் நாம். கையிருப்பு இல்லாமல் இது நடவாது என்பதால் அதையும் சுகாதார அமைச்சிடம் எழுத்தில் கேட்போம்.

நிகழ்ச்சி நிரலில் தோட்ட சுகாதார உத்தியோகத்தர்களின் அனுபவ அமர்வு கடைசியாக, தேநீருக்குப் பிறகு போடப்பட்டிருக்கிறது. அந்நேரம் பாதி மண்டபம் காலியாகிவிடும். அவர்களும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். கருத்தரங்கின் தலைவராக எனக்குள்ள அதிகாரத்தில் அதை இப்போதே முதலாவதாக மாற்றுகிறேன். பேராசிரியர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும். தெல்தோட்டையிலிருந்து வந்திருப்பவர்கள் மேடைக்கு வாருங்கள்.