கணினி விஞ்ஞான முதுமாணியும் அதற்குரிய தகுதியும்



பத்மநாதனின் நாதஸ்வரத்தாலும் தட்சணாமூர்த்தியின் தவிலாலும் மஹாகவியின் கவிதையாலும் புகழ்பெற்ற இந்த அளவெட்டியிலே, கணினி விஞ்ஞானத்தில் முதுமாணிப் பட்டம் பெற விழையும் ஒருவரிடம் நாம் எவற்றை எதிர்பார்க்க வேண்டும் என்பதை ஆராயக் கூடியிருக்கும் இச்சபைக்குத் தலைமை தாங்கும் பாக்கியத்தை எனக்கு அளித்த அன்பர்களுக்கு என் வந்தனம் உரியது.

கணித சிந்தனை இம்மண்ணுக்குப் புதிதன்று. வட்டுக்கோட்டைச் செமினறியிற் பயின்று, 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராக விளங்கிய கறல் விசுவநாதபிள்ளை, வீசகணிதத்தைத் தமிழில் நூலாக்கித் தந்தவர். கணினிக் கல்வியிலும் நாம் பெரிதும் பிந்தியவர்களல்லர். கேம்பிரிட்ஜில் அதற்கென ஒரு டிப்ளோமாப் பாடநெறி தொடங்கியதே 1953 இல்தான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 1974 இல் பல்கலைக்கழக வளாகம் எழுந்தபோது, அமெரிக்கக் கணினிச் சங்கம் முதுமாணிக் கல்வியையும் உள்ளடக்கிய தன் விதப்புரைகளை வெளியிட்டு ஆறு ஆண்டுகளே சென்றிருந்தன.

இன்று எமது நாட்டில் இப்பட்டத்துக்கு அளவுகோலாக இருப்பது இலங்கைத் தகைமைகள் சட்டகம். பாடங்களை மாத்திரம் பயின்று பெறும் முதுமாணி அதில் ஒன்பதாம் மட்டம். அதற்குக் குறைந்தது 30 கிரெடிற் வேண்டும். ஆய்வும் சேர்ந்தது பத்தாம் மட்டம்; அதற்கு 60 கிரெடிற், அவற்றுள் குறைந்தபட்சம் 15 ஆய்வுக்கு உரியவை. அறுபதிற் பதினைந்து என்றவுடன் காற்பங்குதானே என்று எண்ணி, ஆய்வை இறுதி மாதங்களுக்கு ஒதுக்கிவைக்கும் வழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. ஆனால் அதே சட்டகம், பாடத்துக்கு ஒரு கிரெடிற்றுக்கு 50 மணித்தியாலம் என்றும், ஆய்வுக்கு ஆகக் குறைந்தது 100 மணித்தியாலம் என்றும் வகுத்திருப்பதால், 45 கிரெடிற் பாடங்கள் 2,250 மணித்தியாலத்தையும் 15 கிரெடிற் ஆய்வு 1,500 மணித்தியாலத்தையும் வேண்டி நிற்கின்றன. ஆகவே ஆய்வு மொத்த உழைப்பில் ஐந்தில் இரண்டு பங்கு. பகலெல்லாம் உத்தியோகம் பார்த்து வார இறுதியில் விரிவுரைக்கு வரும் ஒருவர், வாரத்துக்கு 15 மணித்தியாலம் ஒதுக்கினாலும், ஆய்வுக்கு மாத்திரம் நூறு வாரங்கள் செல்லும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்போருக்காக ஓர் உதாரணத்தைச் சற்று நெருங்கி நோக்குவோம். தமிழ்ச் சொற்களை அகரவரிசைப்படுத்தப் புகும் ஒரு மாணவர், யுனிகோட் எண்களின் ஏறுவரிசையை நம்பிச் செய்நிரல் எழுதுவாராயின், ‘பகை’ முன்னும் ‘பக்கம்’ பின்னும் வந்து நிற்கும். அகராதி முறையோ இதற்கு நேர்மாறு. புள்ளிக்குரிய எண் உயிர்க்குறிகளின் எண்களுக்குப் பின்னே வைக்கப்பட்டிருப்பதே காரணம். ஓர் அட்டவணையைச் சேர்த்து இதைத் திருத்திவிடுதல் இளமாணி மாணவருக்கும் கைவரும். கிரந்த எழுத்துக்கள் கலந்த பத்து இலட்சம் சொற்களுக்கு அத்திருத்தம் ஈடுகொடுக்குமா, அதற்கு எவ்வளவு நேரமும் நினைவகமும் செலவாகும், வேறொரு வழி விரைவானது என்றால் அதை நிறுவுவது எங்ஙனம் என்று தாமே வினவி, அளந்து, பிறர் செய்தவற்றோடு ஒப்பிட்டு, பயனளிக்காத பரிசோதனையையும் மறையாது எழுதிவைப்பவரே முதுமாணி எனத்தக்கவர். இந்தச் சுபாவம் விரிவுரை மண்டபத்தில் மாத்திரம் உண்டாவதன்று. ஒரே பிரச்சினையோடு நெடுங்காலம் வாழ்ந்தாலன்றி அது சித்திப்பதில்லை.

பௌதிகம், வணிகம் முதலிய பிற துறைப் பட்டதாரிகளுக்கு வாயிலை அடைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயமன்று. கணங்கள், தருக்கம், நிகழ்தகவு, தரவுக் கட்டமைப்பு ஆகியவற்றை முதலில் அவர்கள் கற்றுத் தேறட்டும். அதன்பின் எவ்வித வேற்றுமையும் வேண்டியதில்லை.

ஆய்வுப் பொருளுக்கோ பஞ்சமில்லை. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகத்திற் சேர்ந்திருக்கும் ஈழத்துப் பழைய பதிப்புக்களின் மங்கிய எழுத்தை இயந்திரம் பிழையற வாசிக்கச் செய்வது ஒன்றே பல ஆய்வேடுகளுக்கு இடந்தரும்.

ஆதலால், ஆய்வேட்டின் அளவைக் குறைக்கும் எந்த யோசனைக்கும் இச்சபை இணங்கலாகாது என்றும், உத்தியோகத்தரான மாணவருக்கு ஆய்வுக்கென மேலும் ஓராண்டு அவகாசம் அளிக்கப்பட வேண்டும் என்றும், ஏற்கப்பட்ட ஒவ்வோர் ஆய்வேடும் அதன் செய்நிரலோடும் தரவுகளோடும் எவரும் காணும்படி வைக்கப்பட வேண்டும் என்றும் நான் பிரேரிக்கிறேன். அமர்வுகளில் இவற்றைத் தயவுதாட்சண்ணியமின்றி விவாதித்து, மாலைக்குள் தீர்மானமாக எழுதித் தருமாறு உங்களை வேண்டிக்கொண்டு, கருத்தரங்கை ஆரம்பித்து வைக்கிறேன்.