விழப்போகும் பல்லுக்கு வைத்தியம் எதற்கு?

(காரவள்ளியில் நடைபெற்ற சிறார் பல் மருத்துவ முகாமின் நிறைவில் ஆற்றிய உரை)



வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளும் இந்தக் காரவள்ளியில்தான் தொடங்குகின்றன. மலைப் பிள்ளைகளும் அடிவாரத்துப் பிள்ளைகளும் ஒருங்கே வந்து சேரத்தக்க இவ்விடத்தில் முகாமை அமைத்தது மிகப் பொருத்தம்.

இன்று காலை ஒரு தாய் தம் ஐந்து வயது மகனை அழைத்து வந்தார். சிறுவனின் கடைவாய்ப் பால்பல்லில் சொத்தை விழுந்திருந்தது. அடைத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னதும், "விழப்போகிற பல்தானே ஐயா, அதற்கு எதற்கு வைத்தியம்?" என்று அத்தாய் கேட்டார். அவ்வினா நம் எல்லோர் உள்ளத்திலும் இருப்பதே. அதற்கு விடை கூறுமுன் என் பிழை ஒன்றை இச்சபையில் ஒப்புக்கொள்ள விரும்புகிறேன்.

நான் பணியாற்றிய பள்ளியில் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனைச் செய்யுளை ஒப்புவிக்கச் சொன்னேன். அவன் வாய் திறவாது நின்றான். படிக்கவில்லை என்று கருதி, அவ்வகுப்பு முடியும்வரை அவனை நிற்கவைத்தேன். மறுநாள் அவன் வரவில்லை. பல்வலியால் பல இரவுகள் உறங்காதவன் அவன் என்பதையும், கன்னம் வீங்கிய பின்னரே பல்லைப் பிடுங்கினார்கள் என்பதையும் பிறகுதான் அறிந்தேன். நாவின் நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தினால்தான் தகரமும் நகரமும் பிறக்கும் என்று பிறப்பியல் கற்பித்தவன் நான். ஆனால் என் முன்னே நின்ற பிள்ளையின் பல்லை நான் பார்க்கவில்லை.

அவன் இழந்தது பால்பல் அன்று. ஆறு வயதளவில், எந்தப் பல்லும் விழாமலேயே, பால்பற்களுக்குப் பின்னால் நிலையான கடைவாய்ப்பல் ஒன்று முளைக்கின்றது. எதுவும் விழாமல் முளைப்பதால் அதையும் பால்பல் என்றே பலர் எண்ணிவிடுகின்றனர். அது போனால் மீண்டும் முளைக்காது.

பால்பற்கள் 20. அவற்றுள் கடைவாய்ப் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை இருந்து உணவை மெல்ல உதவுகின்றன. அடியில் வளரும் நிலைப்பற்களுக்கு இடம் காத்தும் நிற்கின்றன. காலத்திற்கு முன் அவற்றை இழந்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, வரவேண்டிய பல்லின் வழியை அடைக்கும். அன்னையே, தங்கள் வினாவிற்கு விடை இதுவே: விழப்போகும் பல்தான், ஆயினும் விழவேண்டிய நாளில் விழவேண்டும்.

சொத்தை எவ்வாறு உண்டாகின்றது? வாயில் வாழும் நுண்ணுயிர்கள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கின்றது. சற்று இடைவெளி கிடைத்தால் உமிழ்நீர் அதனை ஓரளவு சீர்செய்துவிடும். ஆகவே, எவ்வளவு இனிப்பு உண்டோம் என்பதைவிட, எத்தனை முறை உண்டோம் என்பதே பெரிது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மலை இது. இன்று பேருந்து செல்லும் இடமெல்லாம் மிட்டாய்ப் பொட்டலமும் சென்றுவிடுகின்றது.

நம் நாட்டுப் பல் மருத்துவக் கல்வியின் தந்தை எனப் போற்றப்படும் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது அவர்களை இங்கு நினைவுகூர்வது தகும். 1915இல் அமெரிக்காவில் பட்டம் பெற்று, பாஸ்டன் நகரில் சிறுவர்களுக்கான ஃபோர்சைத் பல் மருத்துவமனையில் பணியாற்றித் தாயகம் திரும்பினார். 1920இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதற்கு அவருக்குப் பொருள் தந்தது அவர் நடத்திய ஐஸ்கிரீம் கடை! இனிப்பு விற்ற பணம் பல்லைக் காத்தது. கல்கத்தா மாநகராட்சியிலும் உறுப்பினராய்த் தொண்டு செய்தார். 1949இல் கல்லூரியை அரசிடமே ஒப்படைத்தார். அவர் பிறந்த டிசம்பர் 24ஆம் நாளே தேசியப் பல் மருத்துவர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. பல் மருத்துவரின் பணி சிகிச்சை அறையோடு முடிவதன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

ஏலாதி, சிறுபஞ்சமூலம் என அறநூல்களுக்கு மருந்தின் பெயரையே சூட்டியது சமணச் சான்றோர் மரபு. அம்மரபு போற்றும் நால்வகைத் தானங்களுக்கும் இங்கே இடமுண்டு. இன்று மருத்துவர் செய்தது ஔடத தானம். காலையிலும் இரவு உறங்கும் முன்னும் ஃபுளோரைடு கலந்த பற்பசையால் துலக்க வேண்டும், மூன்று வயதுவரை அரிசியளவும் அதன்பின் பட்டாணியளவும் பசை போதும், ஏழெட்டு வயதுவரை பெற்றோரே துணைநின்று துலக்கிவிட வேண்டும் என்று தாய்மார்களுக்கு அவர் சொன்னது சாத்திர தானம்.

அபய தானமே அரியது. வலி வந்த பிறகு முதன்முதலாகப் பார்க்கும் மருத்துவர் குழந்தைக்கு அச்சத்தின் உருவம். வலி வருமுன்னரே பார்த்துப் பழகியவரோ மாமன் முறை போன்றவர். குடும்பப் பல் மருத்துவர் ஒருவர் வேண்டும் என்பது இதனால்தான். முதல் பிறந்த நாளுக்குள் குழந்தையை ஒருமுறை அவரிடம் காட்டிவிடுங்கள்.

எனவே அறக்கட்டளைப் பெரியோர்களுக்கு என் விண்ணப்பம் இரண்டு. ஒருநாள் முகாமோடு நிறுத்திவிடாமல், இதே மருத்துவர் இதே பிள்ளைகளை ஆறு மாதத்திற்கு ஒருமுறை பார்க்க வழிசெய்யுங்கள். பிள்ளைக்கு ஒரு பக்கமாக ஒரு பதிவேடு இருக்கட்டும். அடுத்து, எஞ்சிய ஆகார தானம். விழா நாளில் பிள்ளைகளின் கையில் நாம் மிட்டாயை அள்ளித் தருகிறோம். வரும் விழாவில் வாழைப்பழமும் வறுத்த கடலையும் தருவோம்.

ஆசிரியத் தோழர்களே, ஒரு பிள்ளை வாய் திறவாது நின்றால், தண்டிக்குமுன் "எங்கேனும் வலிக்கிறதா, கண்ணு?" என்று ஒருமுறை கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.