மனச்சோர்வும் எம்மவர் நம்பிக்கைகளும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கனகராயன்குளத்திலே இடம்பெயராத குடும்பத்தைக் காண்பது அரிது. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்தோர், 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளாலி கடந்தோர், 1997இல் ஜயசிக்குறுப் போர் கண்டி வீதியால் ஏறிவர ஓடியோர், 2009இல் மெனிக் பாம் முகாமின் கம்பிவேலிக்குள் இருந்தோர் எல்லாரும் எமக்கு அயலவரே. இழந்த வீட்டுக்கும் மாட்டுக்கும் படிவம் நிரப்பினார்கள். மனத்துக்குப் படிவம் இருக்கவில்லை. 2009இல் யாழ் மாவட்டத்தில் நடத்திய ஓர் ஆய்வில் நூற்றுக்கு 22 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன.

மனச்சோர்வு என்பது ஆசுப்பத்திரிச் சொல். எமது வீடுகளில் "ஒரே யோசனை", "நெஞ்சு இறுகுது", "பெருமூச்சு வருகுது", "உடம்பெல்லாம் உழையுது" என்றே சொல்வர். அது பொய்யன்று, மனத்தின் நோவு உடம்பின் வாயால் பேசுகிறது. சாத்திரியார் ஏழரைச் சனி என்பார். பார்வை பார்ப்பவர் நாவூறு என்றோ செய்வினை என்றோ கூறி நூல் கட்டுவார். தாய் வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைப்பாள். இவற்றை இகழ நான் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்களே, போரால் நொந்த சமூகத்தைச் சடங்குகளும் வழக்கங்களும் தேற்றுவதை எடுத்தெழுதியிருக்கிறார்.

நான் மறுப்பது "முற்பிறப்பில் செய்த வினை" என்று நொந்தவரின் தலையிலேயே பழியைச் சுமத்தும் பேச்சை. இஃது எமக்கு மட்டும் உரியதன்று. மிஷன் பாடசாலையில் யோபுவின் சரித்திரம் படித்தேன்: ஏழு நாள் பேசாது அருகிருந்த நண்பர்கள், வாய் திறந்ததும் அவனுடைய பாவத்தையே தேடினார்கள். பேசாதிருந்தபோதே நல்ல நண்பர்களாயிருந்தனர்!

மனநோய்க்கு வைத்தியம் செய்தமையால் மந்திகை என்னும் ஊர்ப்பெயரே வசைச்சொல்லாயிற்று. தெற்கே அங்கொடைக்கும் அதே கதி. தங்கைக்குச் சம்பந்தம் குழம்பிவிடும் என்றஞ்சித் தமையனின் நோயை மறைக்கிறார்கள். தன்னுயிரை மாய்க்க முயல்வது குற்றமென்ற சட்டத்தை 1998இல் அரசு நீக்கிவிட்டது. ஊர்வாய் இன்னும் நீக்கவில்லை.

காணாமலாக்கப்பட்டோரின் மனைவியர் நிலை இன்னும் கொடிது. இறந்தார் என்றால் அந்தியேட்டி உண்டு, திதி உண்டு, உறவினர் கூடி அழ ஒரு நாள் உண்டு. இவர்களுக்கு எதுவுமில்லை. பொட்டு வைத்தாலும் ஒரு கதை, வைக்காவிட்டாலும் ஒரு கதை. மங்கல வீட்டில் ஒதுங்கி நிற்கிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் உறவினர் போராட்டம் தொடங்கியபோது, அழுவதற்கு ஓரிடமும் கிடைத்தது என்றே நான் எண்ணுகிறேன்.

கீதையின் முதலாம் அத்தியாயத்துக்கு அர்ச்சுன விஷாத யோகம் என்று பெயர். விஷாதமாவது மனத்தளர்ச்சி. வாயுலர்ந்து, உடல் நடுங்கி, வில்லை நழுவவிட்டுத் தேர்த்தட்டில் அமர்ந்த வீரனை அந்நூல் மறைக்கவில்லை. கண்ணன் முதலிற் கடிந்தது உண்மை. ஆனால் கடிந்துவிட்டுத் தேரைவிட்டு இறங்கிப் போகவில்லை; பதினெட்டாம் அத்தியாயம் வரை அவன் ஐயங்களுக்கு மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தான்.

பெரியோரிடம் ஒரு விண்ணப்பம்: அடுத்த பொங்கலுக்கு அப்பெண்களைப் பானை வைக்க முன்னே அழையுங்கள். இளைஞரே, நேர்த்தியும் நடக்கட்டும், கிளினிக்கும் நடக்கட்டும். போகிறவரோடு ஒருவர் துணைக்குப் போங்கள். போக வெட்கப்படுவோர் 1926 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசி எடுக்கலாம். தேசிய மனநல நிறுவகத்தார் இரவும் பகலும் பேசுவார்கள்.