தீராத நோயும் திருந்திய வாழ்வும்



நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நாம் இளமை முதல் கேட்டுப் பழகிய மூதுரை. அது நலமுடையோர்க்கு நல்ல எச்சரிக்கையாகும். ஆனால், நோயை அகற்ற இயலாது, அதனோடு வாழ்ந்தே தீரவேண்டியவர்க்கு நாம் யாது சொல்வது? காய்ச்சல் வரும், வாட்டும், பின் அகலும். நீரிழிவு, ஆஸ்துமா, வலிப்பு, முடக்குவாதம் ஆகியவை அத்தகையன அல்ல; பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் உடனுறைவன. இவை முதியோர்க்கே உரியன என்றும் எண்ணற்க. உங்கள் வகுப்பிலேயே இவற்றுள் ஒன்றைத் தாங்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் தோழர் இருத்தல் கூடும். அத்தகையோர் தம்மைத் தாம் பேணிக்கொள்ளுதல் எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து துணை செய்பவன் என்பன அந்நான்கு. அவற்றுள் நோயுற்றவனை அவர் முதற்கண் வைத்தமை கருதத்தக்கது. மருத்துவர் நம்மைக் காண்பது திங்களுக்கு ஒருமுறை, சில நிமிடங்கள். எஞ்சிய நேரமெல்லாம் நம் உடலுக்கு நாமே காவலர் அல்லவா?

இதனை வாழ்ந்து காட்டிய ஒருவர் நம் மதுரையிலேயே இருந்தார். கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1918ஆம் ஆண்டு எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் உழவர் குடும்பத்திற் பிறந்தவர். சிற்றூர்ப் பள்ளியில் மணலில் எழுதிக் கல்வியைத் தொடங்கி, மதுரை அமெரிக்கன் கல்லூரியிற் பயின்று, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் பட்டம் பெற்றார். மகப்பேறு மருத்துவராதல் வேண்டும் என்பது அவர் கொண்டிருந்த விருப்பம். இராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது கடுமையான முடக்குவாதம் அவரைப் பற்றியது. 1948இல் அப்பணியினின்றும் விடுவிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பது.

முடக்குவாதம் என்பது உடலைக் காக்கவேண்டிய ஆற்றலே உடலின் மூட்டுகளைப் பகையெனக் கருதித் தாக்கும் நோய். மூட்டுகள் வீங்கும், காலையில் விறைத்து நிற்கும், நாளடைவில் விரல்கள் கோணும். இன்றுள்ள மருந்துகள் பல அந்நாளில் இல்லை. ஓராண்டுக்கும் மேலாக அவர் படுக்கையிற் கிடந்தார். எழுதுகோலைப் பிடித்தலும் அரிதாயிற்று. எழுந்த பின்னர், மகப்பேறு மருத்துவம் தம் உடலுக்கு இயலாது என்பதை ஒப்புக்கொண்டு, கண் மருத்துவத்தைத் தேர்ந்தார். கோணிய விரல்களால் சிறு கத்தியைப் பிடிக்க மீண்டும் பயின்றார்; தம் கைக்குப் பொருந்தும் கருவிகளை அமைத்துக்கொண்டார். 1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவரானார். இன்று இராசாசி மருத்துவமனை எனப்படும் அன்றைய எர்ஸ்கின் மருத்துவமனையில் பணிபுரிந்தார். ஓய்வு பெற்றபின், 1976இல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தம் கையாலேயே ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். 2006இல் மறைந்தார்.

மாணவர்களே, இங்கு ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். அவர் நோயை வென்றார் என்று கூறுதல் பிழை. ஐம்பத்தெட்டு ஆண்டுகள் நோய் அவரோடு இருந்தது. விரல்கள் இறுதிவரை நேராகவில்லை. உடல் எதனைத் தரும், எதனைத் தராது என்பதை அவர் அறிந்தார். தராததை விட்டுத் தருவதைக்கொண்டு வாழ்வை அமைத்தார். தன்னைப் பேணுதல் என்பதன் முதற்பாடம் இதுவே. நோயாளர் அனைவரும் அவர்போல் பெருஞ்செயல் புரிதல் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வலி மிகுந்த நாளில் ஓய்ந்திருத்தலும் ஒரு கடமையே. மூட்டு கனன்று வீங்கிய வேளையில் அதற்கு ஓய்வு வேண்டும். வீக்கம் தணிந்தபின் மெல்ல அசைத்தலும் வேண்டும். இல்லையேல் அது இறுகிவிடும். ஓய்வையும் உழைப்பையும் அளந்து கொள்ளுதலே அறிவுடைமை.

அடுத்தது அன்றாட ஒழுங்கு. நீரிழிவை எடுத்துக்கொள்வோம். 1922ஆம் ஆண்டு ஜனவரியில், கனடாவின் டொராண்டோ நகரில், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்கு முன்னர், இளமையில் இவ்வகை நீரிழிவு கண்ட பிள்ளைகள் நெடுநாள் பிழைத்ததில்லை. அச்சிறுவனோ மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். இன்சுலின் நோயைத் தீர்ப்பதன்று. அந்தந்த நாளை மீட்டுத் தருவது. ஆகவே, அதனை ஒருநாளும் விடலாகாது. வேர், பொடி, கசாயம் என்று பிறர் சொற்கேட்டு இவ்வூசியை நிறுத்துவது உயிருக்கே கேடாகும்.

நீரிழிவு நெடுநாள் நீடிப்பின் பாதங்களில் உணர்ச்சி மங்கும். நம் மதுரையில் கோயிற் பிராகாரத்தின் உச்சிவேளைக் கருங்கல் எவ்வளவு சுடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். உணர்ச்சி மங்கிய காலுக்கு அச்சூடு தெரியாது. கொப்புளம் கண்டு புண்ணான பின்னரே தெரியவரும். உங்கள் பாட்டனாரோ பாட்டியாரோ நீரிழிவு உடையராயின், நாள்தோறும் இரவில் அவர் பாதங்களை விளக்கொளியில் பார்த்துச் சொல்லுங்கள். வெயில் ஏறுமுன் கோயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். கண்ணின் விழித்திரையும் வலியின்றியே பழுதுபடும்; பார்வை தெளிவாக இருப்பினும் ஆண்டுக்கொருமுறை சோதித்துக்கொள்ளச் செய்யுங்கள்.

நான் பள்ளித் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் கண்டது ஒன்றுண்டு. நோயைக் காட்டிலும் நாணமே பிள்ளைகளை மிகுதியாக வருத்தியது. பிறர் காண்பரே என்று நண்பகல் ஊசியைத் தவிர்த்த பிள்ளையும் உண்டு. மூச்சிரைக்கும்போதும் உறிஞ்சு மருந்தைப் பையிலிருந்து எடுக்கக் கூசிய பிள்ளையும் உண்டு. மருந்தை மறைக்கச் செய்வது நோயன்று, சுற்றியிருப்போரின் பார்வையே. ‘உடன்வந்து துணை செய்பவன்’ என்ற நான்காம் கூறு நீங்களே என்பதை மறவாதீர்கள். இன்சுலின் செலுத்திக்கொள்ளும் தோழர் திடீரென வியர்த்து, நடுங்கி, பேச்சுத் தடுமாறினால், அது இரத்தத்தில் சர்க்கரை குறைந்தமையாக இருக்கலாம். உடனே சர்க்கரையோ, சர்க்கரை கரைத்த நீரோ கொடுங்கள், ஆசிரியரை அழையுங்கள். நினைவிழந்தவர் வாயில் மட்டும் எதனையும் ஊற்றலாகாது. தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இனி, நோயுற்ற மாணவர்க்கு ஒரு சொல். மருந்துண்ணும் வேளையும், அளவறிந்த உணவும், உறக்கமும் உங்கள் கால அட்டவணையில் கணிதத்தையும் தமிழையும் போலவே இடம்பெறட்டும். உங்கள் நோயை ஆசிரியரிடமும் நம்பிக்கைக்குரிய ஒரு தோழரிடமும் கூறிவையுங்கள். தன்னைப் பேணுதல் தன்னலம் ஆகாது. செய்யவேண்டிய செயலுக்கு உடலைக் காத்துவைக்கும் பொறுப்பே அது. அப்பொறுப்பை ஏற்றவன், நோயுற்றிருப்பினும், வறியவன் அல்லன்.